கோல்வலைக்குப் பின்னால் நின்றவர்

“உடு, உடு, வெளிய போகுது” என்று தனபால் கத்தியபோது பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது. வலைக்கு ஓரடி பின்னால், கயிற்றில் விரல்களைக் கோத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். வலது பக்கக் கோட்டோரத்திலிருந்து குளக்கரை அணியின் பையன் அடித்த ஃப்ரீ கிக் அது. கம்பத்தைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் அவர் கண்ணுக்குப் பட்டது. எம்பத் தயாராகக் கைகளைத் தூக்கியிருந்த கோல்கீப்பர் சஹீர், அந்தக் கணத்தில் அவற்றைக் கீழே இறக்கினான். ஆனி மாதத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பீளமேட்டு மைதானத்தின் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே போக வேண்டிய பந்தை அது உள்பக்கமாகத் தள்ளிவிட்டது. பந்து தூரத்துக் கம்பத்தின் உள்விளிம்பில் பட்டு வலைக்குள் விழுந்தது. தனபாலின் விரல்களில் கயிறு அதிர்ந்தது.

அந்த ஆட்டத்தை வெண்புறா அணி சமன் செய்திருந்தாலே போதும், முதல் டிவிஷனுக்குப் போயிருக்கும். தனபால் இளம் வயதில் அந்த அணியில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். முட்டி போன பிறகு லேத் பட்டறை, மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைவது என்று வாழ்க்கை போய்விட்டாலும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் பட்டறையில் எந்த வேலையும் அவரைப் பிடித்து வைக்க முடியாது. எப்போதும் தன் அணியின் கோல்வலைக்குப் பின்னால்தான் நிற்பார். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் அவரும் மைதானத்தைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். அங்கிருந்து கோல்கீப்பருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். இடது பக்கம் ஆள் வருது, முன்னால போ, கம்பத்தை ஒட்டி நில்லு. சஹீர் திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டிக்கொண்டு அதன்படி நகர்வான். மூன்று சீசனாக இப்படித்தான் நடந்தது.

பந்து விழுந்த பிறகு சஹீர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. என்ன நடந்தது என்று கேட்பவனைப் போலத்தான் பார்த்தான். தனபால் சட்டென்று நடுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆஃப்சைடு ஆஃப்சைடு என்று கையை உயர்த்தினார். ஃப்ரீ கிக் நேராக உள்ளே போனால் ஆஃப்சைடு ஏது என்பது அவருக்கே தெரியும். கை தானாக உயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்தால் எல்லோரும் கூடுவது மெயின் ரோட்டு பேக்கரியில். ஜெயித்தால் பப்ஸும் டீயும், தோற்றால் வெறும் டீ என்பது ஒரு பழக்கம். அன்று நின்றுகொண்டே குடிக்கும் வட்ட மேஜையைச் சுற்றி வழக்கமான நான்கு பேரும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் பிரான்சிஸ். மென்பொருள் கம்பெனியில் வேலை செய்துகொண்டு, ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பையும் நடத்தும் மனோஜ்குமார். தனபால். அவருக்குப் பக்கத்தில் உமர் பாரூக். பாரூக்கும் தனபாலும் பள்ளியில் ஒரே பெஞ்ச், பிறகு ஒரே அணி. டவுன்ஹால் பக்கம் பாரூக்குக்குப் பைக்கடை. தன் தெருவில் சுவரில் பந்து எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்த சஹீரை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து வெண்புறாவுக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். சஹீருக்கு அப்பா இல்லை. ஏசி மெக்கானிக் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடினான். அன்று எதிரே ஆடிய குளக்கரை அணியில் பெரும்பாலும் அவனைப் போல முஸ்லிம் பையன்கள்தான்.

தோல்விக்கு யார் காரணம் என்று பேச்சு ஆரம்பித்தது. பிரான்சிஸ், அந்த இடத்தில் தேவையில்லாமல் காலை நீட்டி ஃபவுல் பண்ணின தடுப்பாட்டக்காரனைத் திட்டினார். மனோஜ்குமாருக்குக் கோச்சின் மேல் கோபம். ஓடிக்கொண்டிருந்தவனை வெளியே எடுத்து, நிற்க முடியாதவனை உள்ளே விட்டவர் யார் என்று கேட்டான். நடுவர் முதல் பாதியில் ஒரு பெனால்டியை மறைத்துவிட்டார் என்றார் பாரூக். காற்றைக்கூட ஒருவர் திட்டினார். பக்கத்து மேஜைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தனபாலின் டீ ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. தான் கத்தியது வேறு யார் காதிலாவது விழுந்திருக்குமா என்பது ஒன்றுதான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சத்தம் அதிகமாக இருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது. சஹீருக்கே கேட்டிருக்காது. அவனாகத்தான் கையை இறக்கியிருப்பான். இப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் விரல்களில் அந்த அதிர்வு போகவில்லை.

அப்போதுதான் மனோஜ்குமார் அவர் பக்கம் திரும்பினான். “ஏனுங்ணா, நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. தூக்குன கைய அவன் எதுக்குங்ணா எறக்குனான்?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நாந்தாப்பா கத்துனேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் கேலி செய்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இத்தனை வருடம் ஆட்டம் தெரிந்த மனிதர் என்று பெயர் எடுத்துவிட்டு, அது வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது வேறு. அது எங்கிருந்து வந்தது என்று பிறகு எத்தனையோ முறை அவர் யோசித்தார். அப்படி ஒரு வார்த்தை தனக்குள் இருந்ததே அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். தெரியாமல் எப்படி வரும்?

“எதுத்தாப்ல ஆடுனது யாரு? அவிங்க ஆளுகதான. இதுக்கு மேல நான் வேற சொல்லோணுமாக்கும்” என்றார்.

யாரும் மறுக்கவில்லை. பிரான்சிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனோஜ்குமார் ஏதோ புரிந்துவிட்டதைப் போல மெதுவாகத் தலையை ஆட்டினான். பக்கத்து மேஜையில் ஒருவர், அப்படியும் இருக்கும் என்றார். பாரூக் கையிலிருந்த டீ டம்ளரை மேஜையில் வைத்தார். பாதி டீ மிச்சமிருந்தது. அவர் தனபாலின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “நான் வாரேனுங்க” என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து டா போட்டுத்தான் இருவரும் பேசுவார்கள். இப்போது வந்தது, ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் போடுகிற ‘ங்க’தான். கடைக்கு வருகிறவருக்கும், பஸ் கண்டக்டருக்கும், முன்பின் தெரியாதவருக்கும் போடுவது. பாரூக்கின் வாயிலிருந்து அது தனக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று தனபாலுக்குத் தோன்றியது. பாரூக் சாலையைக் கடந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை நோக்கிப் போவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூப்பிடவில்லை.

அன்றைக்கே மனோஜ்குமார் குரூப்பில் எழுதிவிட்டான். பெயர் எதுவும் போடவில்லை. நேரில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், வேண்டுமென்றேதான் கையை எடுத்தானாம், எதிரணி யார் என்று யோசித்தால் புரியும், என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். ஆரம்பத்திலிருந்தே தனக்குச் சந்தேகம் என்றார் ஒருவர். இனிமேல் நம் பையன்களை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றார் இன்னொருவர். ‘நம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சஹீரும் அந்தக் குரூப்பில் இருந்தான். பாரூக்கும் இருந்தார். தனபால் பட்டறையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கறை படிந்த விரலால் அதை மேலும் கீழும் தள்ளிப் படித்தார். இரண்டு முறை ஏதோ தட்டச்சு செய்து அழித்தார். லேத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

அடுத்த நாள் காலையில் மகள் வர்ஷினி கல்லூரிக்குக் கிளம்பும்போது போனை அவர் முன்னால் நீட்டினாள். பாரூக்கின் மகள் யுஸ்ராவும் அவளும் ஒரே வகுப்பு. குரூப்பில் வந்ததை யுஸ்ரா அனுப்பியிருந்தாள்.

“அப்பா, இது உங்க டீம் குரூப்புத்தான? யாருப்பா இப்படியெல்லாம் பேசறது? நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

மகளின் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அப்பா கேட்பார் என்றே நம்பினாள். தனபால் தட்டிலிருந்த இட்லியைப் பார்த்தபடி, “தெரியல கண்ணு, கேக்கறேன்” என்றார். அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள். வாசலில் அவள் யுஸ்ராவிடம் போனில், எங்கப்பா கேக்கறேன்னாரு, நீ அழாத, என்று சொல்வது உள்ளே கேட்டது.

பயிற்சிக்கு சஹீர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் எடுக்கவில்லை என்றார் கோச். தனபால் மைதானத்துக்குப் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். கோல்வலைக்குள் வேறு ஒரு பையன் நின்றிருந்தான். கடைசியில் ஒரு மாலை பட்டறையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, உக்கடம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார். பாதியைச் சொல்லலாம் என்று காந்திபுரத்தில் தோன்றியது. கத்தியதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடலாம். அதையே உறுதி செய்துகொண்டுதான் இறங்கினார்.

சஹீரின் அம்மா சாஜிதா பேகம் கதவைத் திறந்தார். முன்பு ஒருமுறை கோப்பை வாங்கிய விழாவில் பார்த்திருந்ததால் அடையாளம் தெரிந்துகொண்டு, வாங்கண்ணா வாங்க என்று நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து இடம் செய்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. பந்தை விட்டுவிட்டானாம், அதற்காக இப்படிச் சாப்பிடாமல் கிடக்கிறான், வேலைக்குப் போய்விட்டு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான் என்று குறைப்பட்டார். “நீங்க வந்ததே நல்லதாப் போச்சுங்கண்ணா. எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவான். தனபாலண்ணா பின்னாடி நின்னா எனக்கு முதுகுலயும் கண்ணு இருக்கற மாதிரிம்பான். நீங்க சொன்னா கேப்பான்.”

தனபால் அவர் கொண்டுவந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு சுட்டது. சஹீர் உள்ளேயிருந்து வந்து, வாங்கண்ணா என்று சொல்லிவிட்டு நின்றான். இளைத்திருந்தான். கிளம்பும்போது சாஜிதா பேகம் ரவையும் தேங்காயும் சேர்த்துச் செய்த இனிப்பை ஒரு டப்பாவில் போட்டு, வீட்டில் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று கையில் திணித்தார். சஹீர் தெருமுனை வரைக்கும் கூட வந்தான். இரண்டு பைக் எதிரெதிராக வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய தெரு. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது.

“அன்னிக்கு நான் கத்துனது உனக்குக் கேட்டுதா?” என்றார் தனபால், முன்னால் நடந்தபடியே.

“கேட்டுதுங்ணா.”

“நீ யாருகிட்டயும் சொல்லலையே.”

“எப்படிங்ணா சொல்றது? பந்து எங் கண்ணு முன்னாடிதான வந்துச்சு. காரணம் சொல்றான்பாங்க.” எதிரே வந்த பைக்குக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான். “ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்ணா. குரூப்பத் தொறந்து தொறந்து பாத்துட்டே இருந்தேன். நீங்க ஒருத்தர் போட்டாப் போதும், எல்லாம் நின்னுரும்னு.”

தெருமுனை வந்துவிட்டது. தனபால் திரும்பி நின்றார். சஹீர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அந்த வார்த்தைய யாருங்ணா சொன்னது?” என்று கேட்டான். “பாரூக் மாமா அங்கதான் இருந்தாராமா. எத்தனை கேட்டும் சொல்ல மாட்டேங்கறாரு. தெரிஞ்சு என்ன பண்ணப் போறேங்கறாரு.”

பஸ்ஸில் உறுதி செய்துகொண்டு வந்தது இருந்தது. தெரியல கண்ணு என்று மகளிடம் சொன்னதைப் போல இவனிடமும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இவன் நம்புவான். அப்படி நம்பி, நாளை மீண்டும் மைதானத்துக்கு வந்து, தன் முதுகை அவரிடம் கொடுத்துவிட்டு நிற்பான். டப்பாவின் அடி உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது.

“நாந்தான் சஹீரு” என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். புரியாதவனைப் போல முதலில் லேசாகச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் போன யாரோ அவனுக்கு ஸலாம் சொன்னார்கள். அவன் கவனிக்கவில்லை. தான் எதற்காக அப்படிச் சொன்னோம் என்று விளக்க தனபால் வாயெடுத்தார். பயத்தில், என்று ஆரம்பித்தார். பயந்தவர் எல்லோரும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவதில்லை என்று அவருக்கே பட்டதால் அதற்கு மேல் போக முடியவில்லை.

“சரிங்ணா” என்றான் சஹீர். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.” திரும்பி வேகமாக நடந்து வீட்டுக்குள் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் தனபால் எல்லோரிடமும் சொன்னார். கத்தியது தான் என்றும், அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிப் பழி போட்டதாகவும் சொன்னார். பாரூக் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

பிரான்சிஸ் அவர் தோளில் கையை வைத்தார். “அட உடப்பா. ஆட்டம் பாக்கறவன் ஆயிரம் கத்துவான். நீ என்ன வேணும்னா செஞ்ச?”

கீப்பர்தான் முடிவெடுக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்றான் மனோஜ்குமார். அந்த வார்த்தை, என்று தனபால் மறுபடி ஆரம்பித்தார். ஒரு வேகத்தில் வருகிறதுதான், யார்தான் பேசவில்லை என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். யாரோ அவருக்கு ஒரு டீ சொன்னார்கள். அடுத்த சீசனுக்குக் கேரளாவிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவரலாமா என்று பேச்சு போய்விட்டது. தனபால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் செய்த தப்பு இந்த மேஜையில் வெறும் தப்பாக இருந்தது. எல்லோருக்கும் வரக்கூடிய ஒன்றாக, ஒரு டீயோடு முடிகிறதாக இருந்தது. அந்தப் பையன் கையை இறக்கியதை மட்டும் ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை. அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவர்.

அங்கேயே நின்று போனை எடுத்து, தன் பெயரைப் போட்டு, கத்தியது, பழி போட்டது இரண்டையும் குரூப்பில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. ‘பெரிய மனசுங்ணா உங்களுக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஏழெட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள். தனபால் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் வர்ஷினி அதைப் படித்துவிட்டிருந்தாள். அன்று முழுக்க அவர் இருந்த அறைக்குள் அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் பாரூக்கின் கடைக்குப் போனார். பள்ளிக்கூடம் திறந்த சமயம் என்பதால் கூரையிலிருந்து தரைவரை புத்தகப் பைகள் தொங்கின. வேலைக்கு இருக்கும் ஆள் லீவு. பாரூக் ஒரு பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “வாங்க, உக்காருங்க” என்று ஸ்டூலைக் காட்டினார்.

தனபால் சொல்ல ஆரம்பித்தார். “படிச்சனுங்க” என்றார் பாரூக். “யுஸ்ரா காட்டுச்சு. நீங்க ஊட்டுக்கு வந்ததையும் சஹீரு சொன்னான்.” ஜிப்பின் பல் ஒன்று வளைந்திருந்தது. அதைக் குறடால் நெருக்கினார். இழுத்துப் பார்த்தார். நின்றது. மறுபடி நெருக்கினார். சஹீர் மறுபடி ஆட வருவானா என்று தனபால் கேட்டதற்கு, அது அவன் இஷ்டமுங்க என்றார். வெளியே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

“அன்னிக்கு அந்த மேஜையில இருந்து போனேனே” என்றார் பாரூக், ஜிப்பைப் பார்த்தபடியே. “வண்டிகிட்டப் போற வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன். நீ கூப்பிடுவேன்னு.”

தனபால் தலையைக் குனிந்துகொண்டார்.

பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்கான பாங்கு கேட்டது. பாரூக் பையை ஒதுக்கி வைத்துவிட்டு, கை கழுவி, ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். ஷட்டரை இறக்கும் கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்தவர், என்ன நினைத்தாரோ, அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். தனபாலைப் பார்க்காமல், “தொழுதுட்டு வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. கல்லாப்பெட்டியில் சாவி தொங்கியது. தெருவில் வெள்ளைச் சட்டைக்காரர்களோடு கலந்து அவர் போவதை, முதுகு மறையும்வரை தனபால் பார்த்தார்.

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. கடையைத் திறந்துபோட்டுவிட்டு எப்படிப் போவது? ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார். பைகளின் ரெக்ஸின் வாசனையில் தலை வலித்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டபோது படியில் நிழல் விழுந்தது. நடுவயதுப் பெண் ஒருத்தி, ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்தவள் போலிருந்தாள், ஒரு கையில் துணிக்கடைப் பைகளோடு, தொங்கும் வரிசைகளை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏனுங்க பாய், மேல அந்த நீலப் பை. அதைக் கொஞ்சம் எடுங்க பாக்கலாம்.”

தனபால் சுற்றிப் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மூலையில் சாய்த்திருந்த, நுனியில் வளைந்த கம்பி கட்டிய கழியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பை உயரத்தில் இருந்தது. ஸ்டூலின் மேல் ஏறி நின்று, கழியை நீட்டி, பையின் வாரில் கம்பியைக் கோக்கப் பார்த்தார். பக்கத்துப் பைகளெல்லாம் ஆடின. அது மட்டும் கழன்று வரவில்லை.

“மெதுவாவே எடுங்க பாய், அவசரமில்லீங்க” என்று கீழேயிருந்து சொல்லிவிட்டு, பை விழுந்தால் பிடித்துக்கொள்வதற்காக அவள் தன் பைகளைத் தரையில் வைத்து, இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றாள்.